வலி என்னும் ஒரு சொல் போதுமா?

காய்ச்சல் கண்டவர் மருத்துவரை ஒருமுறையோ இருமுறையோ காண்பார். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்ற நாள்பட்ட நோய் உடையவரோ ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைக்குச் சென்றுகொண்டே இருக்க வேண்டும். அந்நோய்களைப் பெரும்பாலும் முற்றிலும் நீக்க இயலாது. நோயோடு நலமாக வாழவே மருத்துவர் துணைநிற்கிறார். ஆகவே, இத்தகைய நோயாளி தம் மருத்துவரை அளக்கும் அளவுகோலும் வேறாகிறது. "நான் சொல்வதை இவர் கேட்கிறாரா?" என்பதே அவர் மனத்தில் எழும் முதல் வினா.

பிறர் துன்பத்தை அவர் நிலையில் நின்று உணர்தலை ஒத்துணர்வு என்கிறோம். இரக்கம் வேறு, இது வேறு. "ஐயோ, பாவம்!" என்பது இரக்கம். "இரவில் எத்தனை முறை விழித்தீர்கள்? மீண்டும் உறக்கம் வந்ததா?" என்று கேட்பது ஒத்துணர்வு. மருந்தைப் போலவே இதுவும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பது என் கருத்து. அமெரிக்காவின் பிலடெல்பியா நகர ஆய்வாளர்கள் 29 மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்ற 891 நீரிழிவு நோயாளிகளை ஆராய்ந்து 2011 இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒத்துணர்வு மிக்க மருத்துவர்களின் நோயாளிகளுள் 56 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நன்கு கட்டுப்பட்டிருந்தது. ஒத்துணர்வு குறைந்தவர்களின் நோயாளிகளுள் 40 விழுக்காட்டினருக்கே அவ்வாறு இருந்தது. ஆயினும், அங்கு ஒத்துணர்வை அளந்த வினாத்தாளை நிரப்பியவர்கள் மருத்துவர்களே. சமைத்தவரே சுவைக்கு மதிப்பெண் இடுவது போன்றது அது! ஸ்காட்லாந்தில் உருவான மற்றொரு வினாத்தாளில் பத்து வினாக்கள் உள்ளன. அவற்றிற்கு நோயாளியே விடையளிக்கிறார். எனக்கு இதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இனி நம் எல்லைப்புறத்திற்கு வருவோம். இடுக்கி மாவட்டத்தின் ஆனைக்கரை, ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த ஊர். அப்பகுதித் தோட்டங்களில் உழைப்போருள் தமிழர் பலர். சிலர் அங்கேயே குடியிருக்கின்றனர். சிலர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்பில் மலையேறி வருகின்றனர். மருத்துவமனையில் அவர்கள் காணும் மருத்துவர் பெரும்பாலும் மலையாளம் பேசுபவர். இரண்டும் உறவுமொழிகள்தாமே, இடர் என்ன என்று நாம் எண்ணலாம். நெருங்கிய உறவே சில இடங்களில் ஏமாற்றிவிடுகிறது. மலையாளத்தில் 'வேதன' என்பது உடல்வலி. தமிழில் வேதனை என்றால் பெரும்பாலும் மனத்துயர். மலையாளத்தில் 'விஷமம்' என்பது வருத்தம். தமிழில் அது குறும்பு. "வேதன உண்டோ?" என்று மருத்துவர் கேட்க, மூதாட்டி தம் குடும்பக் கவலையைச் சொல்லத் தொடங்கினால் வியப்பில்லை.

வலியைக் கூறத் தமிழில் சொற்கள் மிகுதி. குத்தல், குடைச்சல், எரிச்சல், உளைச்சல், கடுப்பு, மதமதப்பு என ஒவ்வொன்றும் ஒவ்வொரு துன்பத்தைக் குறிக்கும். நீரிழிவு நாளடைவில் பாத நரம்புகளைத் தாக்கக்கூடும். அப்போது சிலருக்குப் பாதம் எரியும், சிலருக்கு ஊசி குத்துவது போலிருக்கும், சிலருக்கு மரத்துப்போகும். மரத்த பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. கவனிக்கப்படாத புண், விரலையே அகற்றும் நிலைக்குக் கொண்டுசெல்லலாம். இப்போது எண்ணிப் பாருங்கள். "கால் மதமதன்னு இருக்குப்பா, செருப்பு கழண்டதுகூடத் தெரியல" என்கிறார் பாட்டி. உடன் சென்ற பேரன் மருத்துவரிடம், "கால்வலி" என்று இரண்டே சொற்களில் முடித்துவிடுகிறான். மருத்துவர் வலிமாத்திரை எழுதித் தருகிறார். செருப்புச் செய்தி அவர் செவிக்கு எட்டவே இல்லை.

வாயில்வரை வரிசை நிற்கும்போது ஒவ்வொருவர் கதையையும் கேட்க நேரம் ஏது என்று மருத்துவர்கள் வினவலாம். அது நியாயமான வினாவே. ஆனால், கேட்கும் பணி முழுவதையும் மருத்துவர் ஒருவரே சுமக்க வேண்டியதில்லை என்பதற்குக் கேரளமே சான்று. 1993 இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் ஆகிய மருத்துவர்களும் நண்பர்களும் வலிதணிப்பு, ஆதரவுச் சிகிச்சைக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினர். அது ஊர்தோறும் தன்னார்வலர்களைக் கொண்ட இயக்கமாக வளர்ந்தது. 2008 இல் கேரள அரசு அச்சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கையையே வகுத்தது. இன்று உள்ளாட்சி அமைப்புகளின் துணையோடு செவிலியர்கள் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் வீடு தேடிச் செல்கின்றனர். மருத்துவமனை மேசைக்கு எதிரே தெரியாத பல செய்திகள் வீட்டுத் திண்ணையில் தெரிந்துவிடும். எல்லைப்புறங்களில் பணியாற்றும் மருத்துவர்கள் நோயைக் குறிக்கும் இருபது தமிழ்ச் சொற்களையேனும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் நான் கூறுவேன். அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து உதவுபவரையும் சேர்த்து நான்காக எண்ணுகிறது. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் அந்த நான்காமவர் பல நேரங்களில் பள்ளிச் சிறுவரே. தமிழும் வெளிமொழியும் அறிந்தவர் வீட்டில் நீங்கள்தாமே? மருத்துவரிடம் பேசும்போது பெரியவர்கள் சொல்வதைச் சுருக்காதீர்கள். அவர்கள் கூறிய சொல்லை முதலில் அப்படியே சொல்லி, பிறகு விளக்குங்கள். "மதமதப்பு என்றால் என்ன?" என்று மருத்துவர் கேட்டால், பாட்டியையே தம் பாதத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். மருத்துவர் கூறும் விடையையும் ஒரு சொல் விடாமல் பாட்டியிடம் சொல்லுங்கள். பாட்டி திரும்ப ஏதேனும் கேட்டால், அதையும் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.