5 கோடியே 80 லட்சம் ஆண்டுப் பூட்டு

"சிப்புல பாஸ்வேர்ட் இருக்கு, நிறையில யாரும் கை வைக்க ஏலாது." தேயிலைக் கொழுந்து நிறுக்க டிஜிட்டல் தராசு வந்த காலத்திலிருந்து வட்டவளைப் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தராசு விற்க வருகிறவர் சொல்கிறார். கிலோ குறைகிறதே என்று மலையில் ஒரு பெண் வாய் திறந்தால் கணக்கப்பிள்ளையும் அதையே சொல்லி அனுப்பிவிடுகிறார். அண்மையில் ஒரு கூட்டத்தில் பேசியவர் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தப் பாஸ்வேர்டை உடைக்க 5 கோடியே 80 லட்சம் ஆண்டு ஆகும் என்றார். கூட்டம் கைதட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த எண் பொய்யில்லை. ஸ்பான்ஷன் நிறுவனம் உருவாக்கிய எஸ்25எஃப்எல்-எஸ் வரிசை சீரியல் ஃபிளாஷ் நினைவகச் சிப்புகளில் 64 பிட் பாஸ்வேர்ட் வைக்கலாம். ஒரு முயற்சிக்கும் அடுத்த முயற்சிக்கும் நடுவே ஏறக்குறைய 100 மைக்ரோ செக்கன் சிப் காக்க வைக்கும். ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்த்தால் அத்தனை ஆண்டு ஆகத்தான் செய்யும். ஆனால் திருட நினைக்கிறவன் எதற்காக ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்க்கிறான்?

பூட்டு திறக்கும் விதத்தைப் பாருங்கள். பாஸ்வேர்ட் முறையில் வைத்த சிப், மின்சாரம் வந்ததும் பூட்டிய நிலையில்தான் எழும்பும். பூட்டிய பகுதியில் எதையாவது மாற்றி எழுத வேண்டுமானால், தராசின் மைக்ரோகன்ட்ரோலர் ஈ9 என்ற கட்டளையையும் அதன் பின்னால் எட்டு பைட் பாஸ்வேர்டையும் அனுப்ப வேண்டும். அது போவது பலகையில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செப்புக் கோட்டின் வழியாக. எந்த மறைப்பும் கிடையாது, உள்ளது உள்ளபடி போகிறது. சிப்பின் கால்களில் ஒரு கிளிப்பைக் கவ்வ வைத்து, லொஜிக் அனலைசரை லெப்டொப்பில் செருகினால் திரையில் அலை ஓடும். ஈ9 வரும் இடத்தில் நிறுத்தி, அடுத்த எட்டு பைட்டைத் தாளில் எழுதிக்கொள்ளலாம். கோடிக்கணக்கான ஆண்டுப் பூட்டு ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் திறந்துவிடும்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் பாஸ்வேர்ட் கேட்பது சிப். தன்னோடு பேசுவது உரிய கருவியா என்று அது சோதிக்கிறது. தன்னிடம் இருப்பது பழைய சிப்தானா என்று தராசு சோதிக்கப் பாஸ்வேர்ட் முறையில் இடமே இல்லை. சூட்டுக்காற்றால் சிப்பைக் கழற்றி, அதே இனத்தில் வேறொன்றில் வேறு அளவுத்திருத்தக் கணக்கை எழுதி ஒட்டிவிட்டால், தராசு வழக்கம்போலக் கிலோ காட்டும். பழைய சிப்பின் பூட்டு உடையவே இல்லை. அது மேசை லாச்சிக்குள் பத்திரமாகக் கிடக்கும். 2010இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களான ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், ரோப் கோங்கிரைப் ஆகியோர் இந்திய வாக்குப்பதிவு இயந்திரத்தின் நினைவகச் சிப்பில் ஒரு சிறு கருவியைக் கவ்வ வைத்து, பதிவான வாக்குகளையே மாற்றிக் காட்டினார்கள். அந்தச் சிப்பில் பாஸ்வேர்ட் இல்லையே என்பார்கள். சிப்பையே மாற்றுகிறவனுக்கு அது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

"உள்ளே இருக்கிறதை யாரும் பார்க்கவும் ஏலாது" என்று சிலர் சொல்வதும் தவறு. இந்தப் பூட்டு வழக்கமாக எழுதுவதையும் அழிப்பதையும்தான் தடுக்கும், வாசிப்பதை அல்ல.

எல்லாத் தராசிலும் இந்தச் சிப் இருக்கிறது என்ற பேச்சுக்கும் ஆதாரம் கிடையாது. சாதாரணச் சீரியல் ஃபிளாஷில் பாஸ்வேர்டே இல்லை. நிலைப் பதிவேட்டில் சில காப்பு பிட்டுகள் மட்டும் இருக்கும். எழுத்துத் தடைக் காலைக் கட்டி வைக்காவிட்டால் இரண்டு கட்டளையில் அவை விலகிவிடும்.

சரி, எல்லாத் தராசிலும் அந்தச் சிப் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அது காப்பது உள்ளே பதிந்த அளவுத்திருத்த எண்ணை. நிறை வருவதோ தட்டுக்கு அடியில் பாரத்தை உணரும் லோட்செல்லிலிருந்து. அந்தக் கம்பியில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தால் சிப்புக்கு எதுவும் தெரியாது. இலங்கையிலேயே மழை அதிகம் பெய்யும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. இங்கே வருடத்தில் பாதி நாள் கொழுந்து ஈரமாகத்தான் கூடைக்கு வருகிறது. தண்ணிக்கு என்று இரண்டு கிலோ கழிப்பதா, நான்கு கிலோ கழிப்பதா என்பதை ஒரு மனிதர் தீர்மானிக்கிறார். அந்தக் கழிவில்தான் ஒருத்தியின் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், அரைப் பேராகிறது. அவர் விரலுக்கு எந்தச் சிப் பாஸ்வேர்ட் போட்டிருக்கிறது?

கடைசியாக, அந்த எட்டு பைட் யாரிடம் இருக்கிறது? தராசு விற்றவரிடம் இருக்கலாம், தோட்டத்து ஒஃபிஸில் இருக்கலாம். நிச்சயமாகக் கொழுந்து எடுக்கிறவளிடம் இல்லை. நிறையில் கை வைத்துவிடுவார்களோ என்று அவள் யாரைப் பார்த்துப் பயப்படுகிறாளோ, திறப்பு அவர்கள் கையில். இதைத்தான் அவளுக்குப் பாதுகாப்பு என்று மேடையில் சொல்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் பேச வருகிறவர் அளவீட்டுத் திணைக்களத்தின் முத்திரை பதித்த ஒரு பத்துக் கிலோப் படிக்கல்லைக் கொண்டுவரட்டும். நிறுக்கும் இடத்தில், பெண்கள் எல்லாரும் பார்க்க, அதைத் தராசில் வைத்துக் காட்டிவிட்டு அப்புறம் பேசட்டும்.