இலவச ஆலோசனைக்குக் கூலி கொடுப்பது யார்?

வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, விடுப்பு ஒப்படைப்பு எல்லாம் சேர்ந்து முப்பதோ நாற்பதோ லட்சம் ஒருவர் கணக்கில் வந்து சேர்கிறது. முப்பத்தைந்து வருடம் உழைத்தவர், இவ்வளவு பெரிய தொகையை மொத்தமாகப் பார்ப்பது அன்றைக்குத்தான். எங்கே போடுவது என்று யாரைக் கேட்கிறார்? பல வருடம் பழகிய வங்கி மேலாளரை, மைத்துனருக்கு வேண்டிய எல்.ஐ.சி. முகவரை, தனக்கு முன்பே ஓய்வு பெற்று ஏஜென்சி எடுத்த பழைய சக ஊழியரை. ‘தெரிஞ்சவர், ஒரு பைசா வாங்காமல் சொல்கிறார், நமக்கா கெடுதல் நினைப்பார்?’ நம் நடுத்தரக் குடும்பங்களில் நிதி ஆலோசகரைத் தேர்ந்தெடுக்க வேறு அளவுகோலே கிடையாது. இந்த நம்பிக்கை தவறானது. அறுபது வயதுக்கு மேல் சம்பாதித்து ஈடுகட்ட முடியாத இழப்புகள் பலவும் இந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வருகின்றன.

அந்த நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் வீட்டில் அடுப்பு எரிய யார் பணம் தருகிறார்கள்? நீங்கள் தரவில்லை என்றால், உங்களிடம் விற்கச் சொன்ன நிறுவனம் தருகிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2016ஆம் ஆண்டு விதிகள், 12 ஆண்டுகளோ அதற்கு மேலோ பிரீமியம் கட்டும் பாலிசிகளுக்கு முதலாண்டு கமிஷன் 35 சதவீதம் வரை தரலாம் என்றன. ஆண்டுக்கு 3 லட்சம் கட்டும் பாலிசியில் அது 1,05,000 ரூபாய். 2023இல் விதியை மாற்றி, நிறுவனத்தின் மொத்தச் செலவுக்கு வரம்பு வைத்தார்கள். முதலாண்டில் கமிஷனைக் குவித்துத் தரும் வழக்கம் ஒழிந்துவிடவில்லை. சம்பளம் நின்றுபோன மனிதர் தலையில் பல வருடம் பிரீமியம் கட்டும் பாலிசி ஏன் கட்டப்படுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. இரண்டாம் வருடம் கட்ட முடியாமல் அவர் விட்டால், போட்டது முழுதாகத் திரும்பாது. முகவர் வாங்கியது வாங்கியதுதான்.

இதற்கு என்னிடம் உள்ள மிக வலுவான சாட்சி அஞ்சலகத்தில் இருக்கிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு ஒரு காலத்தில் முகவர் கமிஷன் உண்டு. 2011 டிசம்பரில் அரசு அதை நிறுத்தியது. 2023 ஏப்ரலில் இத்திட்டத்தின் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது, ஒருவர் போடக்கூடிய தொகையும் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமானது. 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். வட்டிக்கு வருமான வரி உண்டு, ஆனால் முதலுக்கு மத்திய அரசே பொறுப்பு. ஓய்வு பெற்றவருக்கு முதலில் சொல்ல வேண்டிய திட்டம் இது. உங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போன எத்தனை பேர் இதைப் பற்றிச் சொன்னார்கள்?

‘முகவர் வேண்டுமானால் அப்படி இருக்கலாம், வங்கி ஏமாற்றாது’ என்பவர்கள் வங்கியே சிக்கலில் மாட்டினால் முதலும் போய்விடக்கூடிய யெஸ் வங்கியின் ஏ.டி.1 பத்திரங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் 8,415 கோடி ரூபாய் மதிப்புள்ள அந்தப் பத்திரங்கள் ஒரே அடியாகத் தள்ளுபடி செய்யப்பட்டன. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. ஆபத்தை மறைத்து, ‘சூப்பர் எஃப்.டி.’ என்று சொல்லித் தன் வாடிக்கையாளர்களிடமே வங்கி அவற்றை விற்றது என்று 2021 ஏப்ரலில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபி தன் உத்தரவில் கூறி, 25 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வாங்கிய தனிநபர்களில் 277 பேர் வைப்புத்தொகையைக் காலம் முடியுமுன்பே உடைத்து இதில் போட்டவர்கள் என்கிறது அந்த உத்தரவு. பிற வங்கிகளிலும் எஃப்.டி. புதுப்பிக்கப் போனவர் யூலிப் காப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்திட்டுத் திரும்பும் கதை ஊருக்கு ஊர் உண்டு. எதிரே உட்கார்ந்திருக்கும் இளைஞருக்கு மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டிய டார்கெட் இருக்கிறது. அவரைக் கோபித்துப் பயனில்லை. அவரிடம் யோசனை கேட்டது நம் பிழை.

கட்டணம் கொடுத்து ஆலோசனை பெறுவது பணக்காரர்கள் வேலை என்பது அடுத்த வாதம். கணக்குப் போடுவோம். 2013 ஜனவரி முதல் மியூச்சுவல் ஃபண்டுகளை இடைத்தரகர் இல்லாமல் ‘டைரக்ட்’ முறையில் வாங்கலாம். விநியோகஸ்தர் வழியே வாங்கும் ‘ரெகுலர்’ முறையில், பங்குச் சந்தை ஃபண்டுகளில், ஆண்டுக்கு அரை முதல் ஒரு சதவீதம் வரை கூடுதலாகப் பிடிப்பது சாதாரணம். 40 லட்சத்துக்கு அது 20,000 முதல் 40,000 ரூபாய், ஒவ்வொரு வருடமும். கண்ணுக்குத் தெரியாமல் போவதால் வலிக்கவில்லை. இதே இருபதாயிரத்தை ஒருவர் கட்டணமாகக் கேட்டால் ‘கொள்ளை’ என்கிறோம்.

2013இல் செபி கொண்டுவந்த முதலீட்டு ஆலோசகர் விதிகளின்படி, பதிவு பெற்ற ஆலோசகர் தன் கட்டணத்தை வாடிக்கையாளரிடம்தான் வாங்க வேண்டும். தனிநபர் ஆலோசகர் விநியோகத் தொழிலே செய்யக் கூடாது என்று 2020இல் விதி இன்னும் இறுகியது. ஆனால் விநியோகஸ்தர்கள் லட்சத்தைத் தாண்டும் இந்த நாட்டில் இப்படிப் பதிவு பெற்றவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான். நாம் காசு கொடுக்க மறுப்பதும் அதற்கு ஒரு காரணம். பதிவு எண் இருப்பதாலேயே ஒருவர் உத்தமர் ஆகிவிட மாட்டார். திறமை குறைந்தவரும் பேராசைக்காரரும் அங்கேயும் இருப்பார்கள். ஆனால் அவர் உங்களிடம் சம்பளம் வாங்குகிறவர். எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டியவர். தவறினால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் செய்யலாம். மைத்துனரின் நண்பர் மேல் எங்கே புகார் செய்வீர்கள்?

ஆகவே யோசனை சொல்ல வருகிறவரிடம், அவர் யாராக இருந்தாலும், ‘இதில் உங்களுக்கு எவ்வளவு வரும், யார் தருவார்கள்?’ என்று நேராகக் கேளுங்கள். ஆலோசகர் என்று சொன்னால் ஐ.என்.ஏ. என்று தொடங்கும் பதிவு எண்ணை வாங்கி, செபி இணையதளத்தில் சரிபாருங்கள். முதலீட்டுக்கான காசோலையை அவர் பெயருக்கு எழுதாதீர்கள், கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் கொடுக்காதீர்கள். போன வாரம்தான் ஒரு பாலிசியில் கையெழுத்துப் போட்டீர்கள் என்றால், பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சிறு கழிவுகள் போக மீதிப் பணத்தை வாங்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. பத்திரத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.