முதல் மரைக்கால் யாருக்கு?

கடவுளை வாழ்வில் முதலிடத்தில் வைக்க வேண்டும் என்பதை மறுத்துரைக்கும் கிறிஸ்தவர் ஒருவரைக் கல்முனையிலோ, பாண்டிருப்பிலோ, அக்கரைப்பற்றிலோ காண்பது அரிது. வீட்டு முன்கூடத்துச் சுவரிலும், திருமண அழைப்பிதழின் தலைப்பிலும், முச்சக்கர வண்டியின் முன்கண்ணாடியிலும் ஆண்டவரின் நாமம் முதலிடம் பெற்றே விளங்குகின்றது. ஆயினும், எழுத்தில் அந்த நாமம் முதலாக நிற்பது ஒன்று. நாளைப் பங்கிடும்போதும், பணத்தை எண்ணும்போதும், நெல்லை அளக்கும்போதும் அந்த நாமத்துக்குரியவர் முதலாக நிற்பது முற்றிலும் வேறொன்று. விசுவாசத்தின் அளவை அந்தரங்கத்தில் எழும் உணர்ச்சியைக் கொண்டு கணிப்பது எளிதன்று. வரிசையைக் கொண்டு கணிப்பது எளிது. எது முன்னே போகின்றது, எது எஞ்சியதில் பங்கு பெறுகின்றது என்று பார்த்தாலே போதும்.

அம்பாறைக் கரையோரத்தின் ஜீவனத்தில் பெரும்பகுதி நெல்லை நம்பியது. சூடு மிதித்துப் பொலி தூற்றிய அந்நாட்களில், களவெட்டியில் குவிந்த நெல்லை மரைக்காலால் அளக்கும்போது, தன் வீட்டுக்கு எத்தனை அவணம் மிஞ்சும் என்று கணக்கிடுவதற்கு முன்னரே இறைவனுடைய பங்கை நினைப்பது இப்பிரதேசத்தின் மூன்று சமயத்தாருக்கும் பொதுவான தருமமாக இருந்தது. இந்து விவசாயி புதிர் எடுத்துத் தெய்வத்துக்குப் படைத்தார். முஸ்லிம் போடியார், மழையால் விளைந்ததில் பத்திலொன்றும், நீர் பாய்ச்சி விளைவித்ததில் இருபதிலொன்றும் ஏழைகளுக்குரிய ஸகாத் என்று ஒதுக்கக் கடமைப்பட்டிருந்தார். கிறிஸ்தவர் தம் முதற்பலனை அறுவடைத் திருநாளன்று ஆலயத்துக்குச் சுமந்து வந்தார். தமிழ்ச் சபைகளில் பெண்கள் கைக்கொண்ட பிடியரிசி வழக்கமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. சுண்டால் அளந்த அரிசியை உலையில் இடுவதற்கு முன் ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் போட்டு வைப்பார்கள். வாரக் கடைசியில் அது சபைக்குப் போகும். அளவால் அது அற்பம். ஆனால், மிகுதி அரிசி வீட்டாருக்குப் போதுமா என்பது தெரியவருவதற்கு முன்பே அந்தப் பிடி எடுக்கப்பட்டுவிடுகின்றது என்பதில்தான் அதன் மகத்துவம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

இன்று அறுவடை இயந்திரம் வயலில் இறங்கி ஏறுவதற்குள் நெல் மூட்டையாகி, வட்டையிலிருந்தே வியாபாரியின் லொறியில் ஏறிவிடுகின்றது. கைக்கு வரும் காசில் இயந்திரக் கூலி முதலில் போகின்றது. உரக்கடைக் கடன், அடகு வைத்த நகையின் வட்டி, உழவு இயந்திரத்துக்கான லீசிங் தவணை, பிள்ளைகளின் டியூஷன் காசு என்று ஒன்றன்பின் ஒன்றாக யாவும் தத்தம் பங்கைப் பெற்றுக்கொண்டு போனபின்பு, ஆண்டவருக்கென்று ஏதேனும் எஞ்சியிருக்கின்றதா என்று நாம் தேடுகின்றோம். இதில் வேண்டுமென்று செய்த அவமரியாதை எதுவும் இல்லை. தவணை தவறினால் கடிதம் அனுப்பாத கடன்காரர் கடவுள் ஒருவரே என்பதால் அவருடைய முறை பின்னுக்குத் தள்ளப்படுகின்றது, அவ்வளவே.

காலத்தின் விஷயத்திலும் இதே கதைதான். இங்கே நமக்குப் பாடம் சொல்ல அயலவரே போதும். வெள்ளிக்கிழமை நண்பகலில் கல்முனைக் கடைத்தெருவில் நடந்தால் இது விளங்கும். ஜும்ஆவுக்கான நேரம் நெருங்குகையில், விரித்த புடைவையை மடித்து வைத்துவிட்டு, நிற்கின்ற வாடிக்கையாளரிடம் "தொழுதிட்டு வாறன், பொறகு வாங்க" என்று சொல்லிக் கதவை இழுத்துச் சாத்தும் வியாபாரி, போகின்ற வியாபாரம் போகட்டும் என்று துணிகின்றார். அந்தத் துணிவின் பெறுமதி அன்றைய விற்பனைக் கணக்கில் நட்டமாகவே பதியும். அதை அவர் அறிந்தே செய்கின்றார். இம்மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவேயுள்ள கிறிஸ்தவர்களாகிய நாமோ, ஞாயிறு காலை ஆராதனையையும் திருப்பலியையும் புலமைப்பரிசில் பரீட்சைக்கும் சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்குமான வகுப்புகளுக்குத் தாராளமாக விட்டுக்கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஆலயத்தில் சிரத்தை இல்லையே என்று போதகரிடம் குறைபட்டுக்கொள்கின்றோம். ஞாயிறு வகுப்புகளைத் தடைசெய்யும்படி அரசாங்கத்தை வேண்டுவதற்கு முன், அவ்வகுப்புகளை நடத்துவோரில் நம்மவரும் உளரா, நம் பிள்ளைகளை அங்கே அனுப்பியவர் யார் என்ற கேள்விகளுக்கு நாமே விடையிறுக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பின்பு, ஓர் எச்சரிக்கையும் அவசியமாகின்றது. முதலில் ஆண்டவருக்குக் கொடு, அது நூறு மடங்காகத் திரும்பி வரும் என்று மேடை போட்டு முழங்கும் பிரசங்கம் இப்போது மலிந்துவிட்டது. வட்டியை எதிர்பார்த்து இடும் காணிக்கையில் முதலிடம் வட்டிக்கே உரியது. சாறிபாத் ஊர் விதவை, தனக்கும் மகனுக்கும் மிஞ்சியிருந்த கடைசிப் பிடி மாவிலிருந்து தீர்க்கதரிசிக்கு முதலில் அப்பம் சுட்டுக் கொடுத்த வரலாற்றை இப்பிரசங்கிகள் விரும்பி எடுத்துரைப்பார்கள். அவள் தன்னைப்போலவே பசித்திருந்த ஒருவனுக்கு உணவு கொடுத்தாள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

கடவுளுக்கு முதலிடம் என்பது மனிதனுக்குக் கடையிடம் என்று பொருள்படாது என்பதை வேதாகமம் கண்டிப்பாகவே போதிக்கின்றது. பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் காணிக்கை என்று பேரிட்டு மறுத்தவர்களை இயேசுநாதர் கடிந்துகொண்டார். இறையாட்சியை முதலில் தேடும்படி பணித்த அதே மலைப்பிரசங்கத்தில், பலிபீடத்தண்டை வந்த ஒருவன் தன் சகோதரனுக்குத் தன்மேல் குறையுண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப்போய் முதலில் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்றும் பணித்தார். கூலிக்காரனின் கூலியைச் சூரியன் அஸ்தமிக்கும் முன் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் பிரமாணம். அவனுடைய வியர்வை உலர்வதற்கு முன் கொடுத்துவிட வேண்டும் என்பது நம் முஸ்லிம் அயலவர் போற்றும் நபிமொழி. ஆகவே, வரம்பு கட்டியவருக்கும் புல் பிடுங்கிய பெண்களுக்கும் கூலியை அடுத்த வாரம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, ஞாயிறன்று உறையில் இட்டுக் கொண்டுபோகும் காணிக்கை உண்மையில் நம்முடையதன்று, அவர்களுடையது. அந்தக் கூலியை உரிய வேளையில் கொடுப்பதே அன்றைய முதற் காணிக்கை.

இவ்வுண்மையை மறந்தால் கடவுளின் பெயர் எவ்வளவு பயங்கரமான ஆயுதமாகக்கூடும் என்பதைக் கிழக்கு மாகாணம் தன் கண்ணாலேயே கண்டது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்தில் ஒரு தீவிரவாதக் கூட்டத்தார் நடத்திய குண்டுத்தாக்குதலில் பிள்ளைகள் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 26ஆம் திகதி இரவு, அதே கூட்டத்தார் சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் தம் சொந்தக் குழந்தைகளோடு வெடித்துச் சிதறினார்கள். கடவுளையே முதலில் வைத்ததாகத்தான் அவர்களும் எண்ணியிருப்பார்கள். ஆனால் அவர்கள் முதலில் வைத்தது தம் கூட்டத்தின் குரோதத்தை. கடவுளின் பெயர் அதற்கு இட்ட போர்வை. அவர்களைக் குறித்துச் சந்தேகித்துத் தகவல் கொடுத்தவர்கள் அதே சாய்ந்தமருதில் வாழ்ந்த முஸ்லிம் மக்களே என்பதையும் நாம் மறத்தலாகாது. தம் இறைவனுக்கு முதலிடம் கொடுத்தவர்கள் அவர்கள்தாம். நம்மிடையேயும், ஆண்டவருக்கு முதலிடம் என்ற பேரில் நம் சபைக்கு முதலிடம், நம் ஒலிபெருக்கிக்கு முதலிடம் என்று வழக்காடும் போக்கு இல்லாமலில்லை. கொடுமையில் அதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம் உண்டு. எனினும் கடவுளின் இடத்தில் தன் கூட்டத்தை உட்காரவைக்கும் பிழை இரண்டுக்கும் ஒன்றே.

மெய்யாகவே கடவுளை முதலில் வைத்தவர்கள் இக்கரையில் விட்டுச் சென்ற சுவடுகள் வேறுவிதமானவை. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ற், ஓராண்டு நிறைவதற்குள் நோயுற்று இறந்தார். அதற்குள் பள்ளிக்கூடங்களை நிறுவியிருந்தார். அந்த மிஷன் பின்னாளில் கல்முனையில் நடத்திய பாடசாலையில், 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனன் என்ற சைவச் சிறுவன் கற்றான். அவனே 1924இல் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தராகி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், ‘யாழ் நூல்’ தந்த பேரறிஞராகவும் உலகுக்கு விளங்கினான். மதம் மாற்றிய கணக்கில் அது மிஷனுக்கு வெற்றியன்று. ஆனாலும் ஆண்டவர் முன்னிலையில் அதைவிடச் சிறந்த முதற்பலனை அந்தப் பாடசாலை எங்கிருந்து கொண்டுவந்திருக்கக்கூடும்? யுத்த காலத்தில், மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைமையேற்று மக்களுக்காகக் குரல் கொடுத்த கத்தோலிக்கக் குருவானவர் சந்திரா பெர்னாண்டோ, 1988 ஜூன் 6ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அச்சம் முதலிடம் பெற்றிருந்த காலத்தில் அதைப் பின்னுக்குத் தள்ளியவர் அவர்.

நம்மில் பெரும்பாலோரிடம் உயிரை ஒருவரும் கேட்கவில்லை. வரிசையைச் சற்று மாற்றும்படிதான் கேட்கப்படுகின்றது. சம்பளம் வந்த அன்றே, கடன்களுக்குப் பிரித்து வைக்கும் முன், தருமத்துக்குரிய தொகையை, அது சிறிதாயினும், வேறாக எடுத்துவைக்கலாம். கிறிஸ்தவ ஆசிரியர்கள் ஞாயிறு காலை வகுப்பு நடத்துவதில்லை என்று தாமாகவே தீர்மானித்து, அதனால் வரும் நட்டத்தை ஏற்றுக்கொள்ளலாம். சபைகளும் தம் ஆண்டுக் கணக்கில் கட்டட நிதிக்கு முன்பாக ஏழைகள் நிதியை எழுதலாம். வருகின்ற பெரும்போக அறுவடைத் திருநாளில், கூலி பாக்கி எவருக்கும் இல்லை என்று நெஞ்சறியச் சொல்லக்கூடியவர்களாய் நாம் நெல்லைச் சுமந்து ஆலயத்துக்குப் போவோமாயின், கடவுளுக்கு நாம் கொடுத்த இடம் எது என்பதை அயலவருக்கு எடுத்துச் சொல்லப் பிரசங்கம் வேண்டியதில்லை. நம்மிடம் கூலி வாங்கியவர்களே சொல்வார்கள்.