கோடி ரூபாய் காருக்கும் வயிறு உரசுது!
வேகத்தடையா, முதுகுத்தடையா?

சென்னை:
விலை கோடி ரூபாய்க்கு மேல். பறக்கும் வேகம் மணிக்கு 300 கி.மீ. ஆனால் நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு வேகத்தடை குறுக்கே வந்துவிட்டால், சைக்கிளுக்கும் வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டிய கதி! சென்னையில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் படும் பாடு இதுதான்.

"பணக்காரன் கார் அடிபட்டா நமக்கென்னய்யா?" என்று பஸ்சில் தொங்கிக்கொண்டு போகிறவர் கேட்கலாம். கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் காரின் வயிறு தட்டுகிற அதே இடத்தில்தான் ஸ்கூட்டர்காரர் தூக்கி எறியப்படுகிறார். ஆட்டோவில் போகும் கர்ப்பிணிக்கு உயிர் போய் உயிர் வருகிறது. ஆம்புலன்சில் படுத்திருப்பவருக்கு எலும்பு நொறுங்குகிறது. ஆகவே இது பணக்காரர் சங்கதி மட்டும் அல்ல!

ஏன் இந்தத் தாழ்வு?

ஸ்போர்ட்ஸ் காரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் 10 முதல் 13 செ.மீ. வரைதான். நம் ஊர் சாதாரண கார்களுக்கு 16, 17 செ.மீ. இருக்கும். ஜீப் மாதிரி உயரமான வண்டிகளுக்கு 20 செ.மீ.க்கு மேலும் போகும்.

அழகுக்காக மட்டும் இப்படித் தாழ்த்தவில்லை. வண்டியின் பளு தரையை ஒட்டி இருந்தால்தான், வேகமாக வளைவில் திரும்பும்போது சாயாது. அடியில் புகும் காற்று குறைந்தால்தான் கார் தரையைப் பிடித்துக்கொண்டு ஓடும். நல்ல ரோட்டில் இது வரம். சென்னை ரோட்டில் இதுவே சாபம்!

அடிபட்டால் முதலில் போவது முன்பக்க 'உதடு'. அடுத்து என்ஜின் ஆயில் தேங்கி நிற்கும் 'சம்ப்'. அது உடைந்தது தெரியாமல் ஓட்டினால் ஆயில் ஒழுகி என்ஜினே பிடித்துக்கொள்ளும். சாதாரண இன்சூரன்சில், விபத்தின் விளைவாகப் பிறகு வரும் நஷ்டத்துக்குப் பணம் கிடையாது. என்ஜினுக்குத் தனியாகப் பாதுகாப்பு எடுத்திருந்தால் பிழைத்தார்!

பட்டனும் பக்கவாட்டும்

இதற்காகவே சில கம்பெனிகள் ஒரு பட்டன் வைத்துக் கொடுக்கின்றன. அமுக்கினால் காரின் மூக்கு 4 செ.மீ. அளவுக்கு மேலே எழும்பும். மேட்டைத் தாண்டியதும் மறுபடி இறங்கிக்கொள்ளும்.

பட்டன் இல்லாதவர்கள் செய்வது பழைய வித்தை. காரைக் குறுக்குச் சாய்வாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக மேட்டில் ஏற்றி இறக்குவார்கள். காலி ரோட்டில் சரி. மாலை 6 மணிக்கு, பின்னால் மாநகர பஸ் ஹாரன் அடிக்க, இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள் புகுந்து வர, கார் திடீரென்று சாய்வாகத் திரும்பினால்? இடித்து விழுவது கார்க்காரர் அல்ல, பைக்காரர்!

மழை வந்தால் கதையே வேறு. தண்ணீர் கட்டிய சுரங்கப்பாதையில் மற்ற வண்டிகள் தத்தித் தாவிப் போய்விடும். தாழ்ந்த கார் இறங்கினால், காற்று இழுக்கும் குழாய் வழியாக என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். அப்புறம் கிரேன்தான்.

கணக்கு என்ன சொல்கிறது?

இனிதான் முக்கியமான விஷயம். வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-ல் வெளியிட்ட விதியில் இருந்த அளவு இது: நடுவில் உயரம் 10 செ.மீ. ரோட்டின் நீளவாக்கில் அகலம் 3.7 மீட்டர். அதாவது 12 அடி! வில் மாதிரி மெல்ல எழும்பி மெல்ல இறங்க வேண்டும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் தாண்டலாம். 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வேண்டும். மேட்டின் மேல் கறுப்பு, வெள்ளைப் பட்டை வேண்டும்.

இந்த 12 அடி, 4 அங்குலம் கணக்கு ஏனோதானோ என்று வந்தது அல்ல. பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக்கூடம் பல அளவில் மேடு போட்டு, வண்டிகளை ஓட்டிப் பார்த்து, 1973-ல் சொன்ன அளவு.

இந்த அளவுள்ள மேட்டில் ஸ்போர்ட்ஸ் கார் ஏறினால் என்ன ஆகும்? முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.45 மீட்டர் உள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். மேடு அகலமாக இருப்பதால் நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயே நிற்கும். நடுவில் மேடு முட்டிக்கொண்டு வருவது நாலரை செ.மீ. கூட இல்லை. 12 செ.மீ. இடைவெளி உள்ள கார் உரசவே உரசாது!

மூக்கு? முன் சக்கரம் மேட்டைத் தொடும்போது, அதற்கு 1 மீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கின் அடியில் மேட்டின் உயரம் 8 செ.மீ.தான். அதுவும் தப்பித்துவிடும்.

இப்போது நம் தெருவில் உள்ள மேட்டைப் பாருங்கள். அகலம் ஒரு முழம். உயரம் 15 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே அப்படியே நிற்கும். முழு உயரமும் வயிற்றில் குத்தும். ஸ்போர்ட்ஸ் கார் 3 செ.மீ. மாட்டிக்கொள்ளும்.

அதோடு முடிந்ததா? 16 செ.மீ. உள்ள கால் டாக்சிக்கு மிஞ்சுவது 1 செ.மீ. தான். 5 பேர் ஏறி, டிக்கியில் பெட்டியும் வைத்தால் ஸ்பிரிங் அமுங்கி அந்த 1 செ.மீ.யும் காலி. டாக்சி டிரைவருக்கும் அதே 'கர்ர்ர்' சத்தம்தான்! மின்சாரக் கார்களுக்கோ, விலை உயர்ந்த பாட்டரியே அடிவயிற்றில்தான் இருக்கிறது.

ஆக, ஸ்போர்ட்ஸ் கார் உரசினால், பெரும்பாலும் தப்பு காரில் இல்லை. மேட்டில் இருக்கிறது!

யார் போடுகிறார்கள்?

ஒரு தெருவில் விபத்து நடக்கிறது. குழந்தை அடிபடுகிறது. ஜனங்கள் கொதித்து மறியலில் உட்காருகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. மறுநாள் காலையில் அங்கே ஒரு மேடு முளைத்துவிடுகிறது. அளவும் இல்லை, அச்சும் இல்லை. மிச்சம் இருந்த தாரையும் ஜல்லியையும் கொட்டி இடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். 12 அடிக்கு வில் போடுவதற்கு சரக்கும் அதிகம், வேலையும் அதிகம். ஒரு முழத்துக்குக் கொட்டினால் அரை மணியில் முடிந்தது.

கொஞ்ச நாளில் பெயிண்டு அழிந்துவிடும். விளக்கும் எரியாது. இரவில் வருகிறவருக்கு மேடு இருப்பதே தெரியாது. பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவியும் குழந்தையும் கீழே விழுந்த பிறகுதான் தெரியும்!

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2015-ம் ஆண்டில் மட்டும் வேகத்தடைகளால் நாட்டில் 11,084 விபத்துகள். 3,409 பேர் பலி. நாளைக்கு 9 உயிர்! இதன் பிறகு 2016-ல், தேசிய நெடுஞ்சாலைகளில் உள்ள வேகத்தடைகளை அகற்றச் சொல்லி அமைச்சகம் உத்தரவு போட்டது. ஆனால் ஊருக்குள் இருக்கும் தெருக்களுக்கு அந்த உத்தரவு வராது.

அப்படியானால் வேகத்தடையே வேண்டாமா? வேண்டும்! பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குறுக்குச் சந்து உள்ள இடங்களில் கட்டாயம் வேண்டும். சரியான மேடு வேகத்தைக் குறைத்து உயிரைக் காக்கிறது. குட்டை மேடு வண்டியைத் தூக்கிப் போடுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

முடியாதா என்ன?

2024-ம் ஆண்டு ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவு நேரக் கார் பந்தயம் நடந்தது. பாதையின் நீளம் 3.5 கி.மீ. பந்தயக் கார்களின் வயிறு தரையிலிருந்து சில செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். அதற்கு ஏற்றபடி ரோடு தயார் செய்யப்பட்டது. கார்கள் ஓடின. ஜனங்கள் கைதட்டினார்கள்.

பந்தயத்துக்கு ரோடு போடத் தெரிந்த அதே ஊருக்கு, பள்ளிக்கூட வாசலில் 12 அடியில் ஒரு மேடு போடத் தெரியாதா? வியாசர்பாடியிலும் சைதாப்பேட்டையிலும் இருக்கும் ஜனங்கள் பந்தயத் தடம் கேட்கவில்லை. அளவான மேடும், அதன்மேல் பெயிண்டும், பக்கத்தில் ஒரு விளக்கும்தான் கேட்கிறார்கள்.

இதற்குப் பெரிய என்ஜினீயர் வர வேண்டியதில்லை. தையல்காரரிடம் இருக்கும் டேப் போதும். உங்கள் தெரு மேட்டை அளந்து பாருங்கள். அகலம் 12 அடி இல்லையா? உயரம் 4 அங்குலத்துக்கு மேலா? சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் போட்டு, தெருப் பெயரையும் அளவையும் சொல்லுங்கள். "மேடு சரியில்லை" என்று சொன்னால் தட்டிக் கழிக்கலாம். "அகலம் ஒன்றரை அடி, உயரம் 6 அங்குலம்" என்று சொன்னால் தட்டிக் கழிப்பது கஷ்டம்.

கோடி ரூபாய் கார்க்காரருக்கு மூக்கைத் தூக்க ஒரு பட்டன் இருக்கிறது. டி.வி.எஸ். 50-ல் அரிசி மூட்டை ஏற்றிப் போகும் கடைக்காரருக்கு என்ன பட்டன் இருக்கிறது?