இரண்டு கைப்பிடி, ஒரே பெட்டி

குவாலியர் மகாராஜாவின் போஜன மேஜையைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜெய் விலாஸ் அரண்மனையில், வெள்ளியாலான சிறு ரயில் ஒன்று கண்ணாடிக் குப்பிகளைச் சுமந்துகொண்டு விருந்தினர்முன் வலம் வரும். ஒருவர் குப்பியைக் கையில் எடுத்தால் நின்றுவிடும். ஒரே ரயிலாதலால் அங்கே கம்பிச் சிக்கல் குறைவு. நம் பிள்ளைகளோ இரண்டு ரயில் வேண்டுமென்கிறார்கள்!

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-இல் ரயில் வந்தது. அந்தப் பாதையை மாணவர்கள் எங்கள் பள்ளிக் கண்காட்சிக்காகப் பலகைமேல் அமைத்தார்கள். மாதக்கணக்கில் சேர்த்த காசில், இரண்டு வேகக் கைப்பிடிகள் உள்ள மின்பெட்டி ஒன்றும் வாங்கினார்கள். திருச்சி வண்டியும் மானாமதுரை வண்டியும் புதுக்கோட்டை ஸ்டேஷனில் எதிரெதிராக வந்து சந்திக்க வேண்டுமென்பது அவர்கள் ஆசை. ஒரு வண்டியின் திசையை மாற்றினார்கள். வண்டிகள் சந்திக்குமுன் புகை வந்துவிட்டது.

காரணத்தைச் சொல்கிறேன். பொம்மை ரயில் ஓடுவது நேர் மின்சாரத்தில். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் ஓடத் தொடங்கிய ரயிலும் அவ்வாறே ஓடிற்று. அதற்கு 1500 வோல்ட், இதற்கு 12. தண்டவாளங்களில் நேர்முனையையும் எதிர்முனையையும் இடம் மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். கம்பியை மிச்சம் பிடிக்க, ஒரு தண்டவாளத்தைப் பாதை முழுவதற்கும் பொதுவாக வைத்து, மற்றதை மட்டும் பகுதி பகுதியாக வெட்டி, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஸ்விட்ச் வைப்பது வழக்கம். நல்ல வழக்கந்தான். ஆனால் பெட்டிக்குள் இரண்டு கைப்பிடிகளுக்கும் டிரான்ஸ்பார்மரின் ஒரே சுருள் மின்சாரம் ஊட்டினால், ஒரு திசையை மாற்றியவுடன் ஒன்றின் நேர்முனை மற்றதன் எதிர்முனையோடு பொதுத் தண்டவாளத்தின் வழியே சேர்ந்துவிடும். அப்புறம் ஷார்ட்தான்! தனித்தனிச் சுருள்கள் இருந்தால் இந்த வம்பு இல்லை; ஒன்றின் மின்சாரம் மற்றதன் வழியாகத் திரும்ப முடியாது.

கடைக்காரரைக் கேட்டுப் பயனில்லை. “எல்லாம் ஒன்றுதான், ஸார்” என்பார். ஒரு 12 வோல்ட் பல்பு போதும். இரு கைப்பிடிகளையும் பாதி திருப்பி, ஒன்றின் ஒரு முனைக்கும் மற்றதன் ஒரு முனைக்கும் இடையே பல்பை நான்கு விதமாகவும் இணைத்துப் பாருங்கள். ஒரு தடவை எரிந்தாலும் சுருள் ஒன்றே. 230 வோல்ட் வரும் பக்கத்தைத் தொட வேண்டாம். பெட்டியின் மூடியையும் திறக்க வேண்டாம்.

அத்தகைய பெட்டியைத் தூக்கியெறிய வேண்டுவதில்லை. இரு தண்டவாளங்களையும் வெட்டி, இரண்டு கம்பிகளையும் ஒருங்கே மாற்றும் இரட்டை ஸ்விட்சுகளை வைத்தால் அதுவே உழைக்கும். கம்பி மட்டும் இருமடங்கு. வண்டி ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும்போது இரண்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் சக்கரமே ஷார்ட் செய்துவிடும்.

எங்கள் பெட்டியோ கருகிவிட்டது. மாணவர்கள் இரண்டு தனிப் பெட்டிகளை இரவல் வாங்கி, இரவெல்லாம் கம்பி மாற்றினார்கள். மறுநாள் பதினொரு மணிக்குத் திருச்சி வண்டியும் மானாமதுரை வண்டியும் புதுக்கோட்டையில் சந்தித்தன. கைதட்டலில் ஸ்டேஷன் கூரை பெயர்ந்து விழுந்தது. அது அட்டைக் கூரை.