கயிறு பிடிக்க ஆள் வேண்டாமா?

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் காலை பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். பத்துப் பேர் மடியிலாவது மஞ்சப்பை இருக்கும். பைக்குள் எக்ஸ்ரே கவர், ஸ்கேன் ரிப்போர்ட், நாலு டாக்டர் எழுதிய நாலு சீட்டு. "எங்க போறீய?" என்றால் "ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு" என்பார்கள், இல்லையென்றால் ஏதாவது ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பெயர் வரும். பக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறதே? "அங்க என்ன இருக்கு? ஒரு ஊசிகூடப் போட மாட்டாவ."

இந்த நம்பிக்கையைத்தான் சொல்கிறேன். காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறது, வியாதி முற்றினால் பெரிய ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும். பக்கத்து டாக்டர் சளிக்கும் லீவு சீட்டுக்கும்தான். உப்பளத் தொழிலாளியும் இப்படித்தான் பேசுகிறார், ஷிப்பிங் ஆபீஸ் மேனேஜரும் இப்படித்தான் பேசுகிறார். இது ஆளைக் கொல்லும் நம்பிக்கை.

அட்டையைக் குறை சொல்லவில்லை. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்து, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது அது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. நெஞ்சு ஆபரேஷனுக்காக வீட்டை விற்காமல் தப்பித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது ஆள் விழுந்த பிறகு தூக்க வரும் திட்டம். விழாமல் இருக்க மாதாமாதம் பார்க்க வேண்டிய பிரஷருக்கும் சர்க்கரைக்கும் அந்த அட்டையை நீட்டிப் பயனில்லை.

எங்கள் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்த காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டிவிடுவாராம். அவர் வராமல் குளியாட்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள்; வெள்ளைக்கார சர்க்காரும் அதற்கு ஒத்துக்கொண்டு போனது. ஆனால் குளியாளின் உயிர் தோணியில் கயிறு பிடித்திருந்தவன் கையில் அல்லவா இருந்தது? அந்த வேலைக்கு மச்சினனைத்தான் வைப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வார்கள். அக்கா தாலியை நினைத்தாவது கவனமாக இருப்பானாம். கயிறு லேசாக அசைந்தாலும் அவனுக்கு விஷயம் புரியும். 1961-ஓடு முத்துக்குளிப்பு நின்றுபோனது. நாம் இன்னும் கடல்கட்டியை நம்பிக்கொண்டு, கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் குதிக்கிறோம்.

தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐயில் இந்தக் கூத்தை இன்னும் நன்றாகப் பார்க்கலாம். கண்டெய்னர் யார்டில் மாதம் 16,000 ரூபாய் வாங்குபவரிடம் 120 ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளி 520 ரூபாய் கட்டுகிறார். அதற்கு ஒரு மருந்தகம் ஒதுக்கப்படுகிறது. வீடு மாறினால் மருந்தகத்தையும் மாற்றிக்கொள்ளலாம். எத்தனை பேர் மாற்றினோம்? ஸ்ரீவைகுண்டத்துக்குக் குடிபோய்விட்டு, பதிவை மட்டும் தூத்துக்குடியில் வைத்திருப்பவரை எனக்குத் தெரியும். உடம்பு முடியாமல் லீவு போட்டால் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும் அல்லவா, அந்தச் சீட்டு வாங்க மட்டும் போவார். ஸ்டெதாஸ்கோப்பை வைக்கவிடாமல் கையெழுத்தை மட்டும் கேட்டால் அந்த டாக்டர்தான் என்ன செய்வார்?

ஸ்பெஷலிஸ்ட் கெட்டிக்காரர்தான். சங்கு குளிப்பவரின் காதை நன்றாகவே பார்ப்பார். பத்து நாள் தண்ணீரில் இறங்காதே என்பார். இரண்டாம் நாளே இவர் இறங்குவார், இறங்காவிட்டால் அடுப்பு எரியாது என்பது உள்ளூர் டாக்டருக்குத்தான் தெரியும். அதற்குத் தக்க வைத்தியம் சொல்ல அவரால்தான் முடியும். இங்கிலாந்தில் 1948-லிருந்து இந்த வழக்கம்தான்: முதலில் ஒரு குடும்ப டாக்டரிடம் பெயரைப் பதிவு செய், அவசரம் என்றால் தவிர, பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர் எழுதிக் கொடுத்துப் போ. பணக்கார நாட்டுக்கே அந்தக் கட்டுப்பாடு வேண்டியிருக்கிறது.

"மருந்தகத்துல கூட்டம், பழகின டாக்டருக்கு மாற்றல் வந்துருது" என்பீர்கள். உண்மை. கோபப்பட வேண்டிய உண்மை. ஆனால் ரோட்டுக்கும் பட்டாவுக்கும் திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸில் வரிசையில் நிற்கும் நாம், எங்கள் ஊர் டாக்டரை மூன்று வருஷமாவது இங்கேயே வையுங்கள் என்று ஒரு மனு கொடுத்ததுண்டா?

எங்கள் தெருவில் உப்பளத்துக்குப் போகும் அக்கா ஒருவர் பாத்தி வரப்பில் தலைசுற்றி விழுந்தார். மறுநாள் அவருடைய மஞ்சப்பையை சுகாதார நிலையத்து டாக்டரின் மேஜையில் கொட்டினோம். இரண்டு டாக்டர்கள், இரண்டு கம்பெனி, இரண்டு பெயர். உள்ளே இருந்தது ஒரே பிரஷர் மருந்து, அம்லோடிபின். இரண்டையும் தினமும் விழுங்கியிருக்கிறார். கண்டுபிடிக்க ஸ்கேன் தேவைப்படவில்லை. மாத்திரை அட்டைகளை டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்க்க ஐந்து நிமிஷம் போதுமானதாக இருந்தது.

உங்கள் வீட்டு மஞ்சப்பையையும் உடம்புக்கு ஒன்றுமில்லாத ஒரு நாளில் எடுத்துக்கொண்டு போங்கள். எல்லாவற்றையும் ஒரே டாக்டரிடம் காட்டுங்கள், அவர் பெயரைக் கேட்டு வையுங்கள். அந்த அக்கா இப்போது ஒரு மாத்திரைதான் சாப்பிடுகிறார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.