பெரியப்பா, நீ சாப்பிட்டியா?

புலம்பெயர்ந்து வாழும் நாம் ஒருவரையொருவர் காணும் இடங்களுள் பிறந்தநாள் மண்டபம் முதன்மையானது எனலாம். அங்குள்ள ஆடம்பரம் பற்றிப் பலர் எழுதிவிட்டனர். நாம் கூற விழைவது அங்கு நிகழும் உரையாடல் பற்றியே.

பிள்ளைகளிடம் பெரியோர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஜிம்னாசியமோ, றியால்சூலயோ?" இந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் 4ஆம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் வெவ்வேறு பாடசாலைகளுக்குப் பிரிக்கப்படுகின்றனர். ஆதலால் பத்து வயதுப் பிள்ளை, கேக் துண்டு வாய்க்குப் போகுமுன்னரே தன் தரத்தைச் சபையில் அறிவிக்க வேண்டியிருக்கிறது. விடை ஒரு சொல். அத்துடன் பேச்சு முடிந்துவிடும். பிள்ளை கைத்தொலைபேசிக்குள் புகுந்துவிடும்.

சென்ற ஆண்டு டோட்முண்ட் நகரில் ஒரு விழா. எமது மாணவி, ஒன்பது வயதினள், தனித்திருந்த முதியவரை அணுகி, "பெரியப்பா, நீ சாப்பிட்டியா?" என்றாள். சுற்றியிருந்தோர் சிரித்தனர். "தமிழ்ப் பள்ளியில் இதுதானோ படிப்பிக்கிறியள்?" என்றார் ஒருவர். நாமும் சிரித்து வைத்தோம். அதனை எண்ண இன்றும் நாணுகிறோம். அதன்பின் மூன்று வாரங்கள் வகுப்பில் அவள் டொச் மொழியிலேயே விடையளித்தாள்.

டொச்சிலும் 'டு', 'ஸீ' என நீ, நீங்கள் உண்டு. ஆயினும் 'டு' உறவின் சொல். பேரப்பிள்ளை பாட்டனாரை 'டு' என்றே விளிக்கும். 'ஸீ' என்றால் அவரை அந்நியராக்கியது போலாகும். இவளும் பெரியப்பாவைத் தன்னவராக எண்ணியே 'நீ' என்றாள். இத்தனை காலம் ஆசிரியத் தொழில் பார்த்த எமக்கு அக்கணத்தில் இது தோன்றவில்லை. அம்மண்டபத்தில் அவர் பசியாறினாரா என்று கேட்டவர் வேறெவருமிலர் என்பதும் தோன்றவில்லை.

முதியவர் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னும் இல்லை அம்மா. நீங்கள் சாப்பிட்டீங்களோ?" என்றார். எம்மூர் வழக்கப்படி சிறுமியையும் 'நீங்கள்' என்றே அழைத்துத் திருத்தத்தை விடைக்குள் வைத்துவிட்டார். திருக்குறளின் 10ஆம் அதிகாரமாகிய இனியவை கூறலை மனனம் செய்விக்கும் நாம் அவரிடம் பாடங் கேட்டிருக்க வேண்டும்.

பெற்றோரே, வாரத்தில் இரண்டு மணிநேர வகுப்பால் மட்டும் பேச்சுத்தமிழ் வந்துவிடாது. அடுத்த விழாவில் ஒரு பிள்ளையின் அருகே அமருங்கள். பாடசாலையின் பெயரை விடுத்து, அங்கு யாருடன் சண்டை, ஏன் சண்டை என்று கேளுங்கள். பிழையாகவே சொல்லட்டும், முடியும்வரை இடைமறியாதீர்கள். இலக்கணத்தைச் சனிக்கிழமை நாம் பார்த்துக்கொள்கிறோம்.